பல் இல்லாத பாதை: டார்ஜிலிங் மலை ரயில் நாட்குறிப்பு

முதல் நாள் – நியூ ஜல்பாய்குரி

சியால்டாவிலிருந்து இரவு வண்டி ஏறி இன்று காலை நியூ ஜல்பாய்குரியில் வந்து இறங்கினோம். உடன் வந்திருப்பவர் என் தாய்மாமன். குன்னூர் லோகோ ஷெட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் செல்லும் வண்டி, கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பதித்திருக்கும் பற்சட்டத்தை எஞ்சினின் பல்சக்கரத்தால் கடித்துக்கொண்டு குன்னூர் வரை ஏறுவதைப் பார்த்தே வாழ்நாளைக் கழித்தவருக்கு, பல்லே இல்லாமல் அதைப் போன்றதொரு உயரத்திற்கு ஒரு ரயில் ஏறுகிறது என்பது கேள்விப்பட்ட நாள் முதல் உறுத்தலாகவே இருந்திருக்கிறது. “மாப்ளே, வழுக்காம எப்படி ஏறுது? அதைக் கண்ணால பார்க்கணும்” என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பயணம் அந்தக் கேள்விக்காகவே அமைந்தது.

நிலையத்தின் ஓரத்தில் அகலப்பாதைத் தண்டவாளங்களுக்குப் பக்கத்திலேயே மலை ரயிலின் தண்டவாளம் கிடக்கிறது. அகலப்பாதையின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர்; இதன் இடைவெளி 610 மில்லிமீட்டர், அதாவது இரண்டே அடி. மாமா குனிந்து தன் செருப்பைக் கழற்றி இரு தண்டவாளங்களுக்கும் நடுவே வைத்து அளந்தார். இரண்டு செருப்பு நீளமும், மேலே ஒரு கட்டைவிரலும் இருந்தது. நீலகிரிப் பாதை 1,000 மில்லிமீட்டர் என்பதால் நம் ஊர்க்காரர்கள் அதை மீட்டர் கேஜ் என்பார்களே தவிர நேரோ கேஜ் என்று சொல்வதில்லை. இதைப் பார்த்த பிறகு ஊட்டி ரயிலைப் ‘பொம்மை ரயில்’ என்று அழைப்பது மாமாவுக்கு அநியாயமாகத் தோன்றத் தொடங்கிவிட்டது.

இப்பாதை ஏன் வந்தது என்பதற்கு அரிசி விலையே போதுமான விடை. சிக்கிம் அரசர் 1835இல் டார்ஜிலிங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்ததும், கல்கத்தாவின் வெயிலுக்கு அஞ்சிய வெள்ளைக்காரர்கள் அங்கே உடல்தேறும் விடுதிகளும் கோடை வீடுகளும் கட்டிக்கொண்டார்கள். பின்னாலேயே தேயிலைத் தோட்டங்களும் வந்தன. 1878இல் கல்கத்தாவிலிருந்து சிலிகுரி வரை ரயில் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அதற்கு மேல் மாட்டு வண்டியும் குதிரையும்தான். சிலிகுரியில் டன் 98 ரூபாய்க்குக் கிடைத்த அரிசி, டார்ஜிலிங்கில் 238 ரூபாய்க்கு விற்றது. கிழக்கு வங்காள ரயில்வேயின் முகவரான ஃபிராங்க்ளின் பிரெஸ்டேஜ் இந்தக் கணக்கைக் காட்டித்தான் வங்காளத்தின் துணைநிலை ஆளுநர் ஆஷ்லி ஈடனிடம் அனுமதி பெற்றார். 1879இல் தொடங்கிய வேலை 1881 ஜூலையில் டார்ஜிலிங்கைத் தொட்டது.

இரண்டே ஆண்டுகள்! நீலகிரிப் பாதைக்கு 1854இலேயே திட்டம் பேசப்பட்டு, 1891இல் வேலை தொடங்கி, குன்னூருக்கு வண்டி போய்ச் சேர்ந்தது 1899இல். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எளியது. பிரெஸ்டேஜ் மலையில் புதிதாக வழி வெட்டவில்லை. ஏற்கெனவே அங்கே போட்டிருந்த வண்டிச்சாலையின் ஓரத்தில் தண்டவாளத்தைப் பதித்தார். பாலங்கள் உண்டு, ஆனால் முழுப் பாதையிலும் ஒரு சுரங்கம்கூடக் கிடையாது. பதினாறு சுரங்கங்களுக்குப் பழகிய மாமா இதைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

இரவு தங்கியது நியூ ஜல்பாய்குரியை ஒட்டிய சிலிகுரியில். அதைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை. வெயில் கடுமையாக இருந்தது, அறையில் மின்விசிறி ஓடியது, உறங்கினோம்.

இரண்டாம் நாள் – கர்சியாங் வரை

வண்டி பத்து மணிக்குப் புறப்பட்டது. முன்னால் நின்றது டீசல் எஞ்சின் என்பதைக் கண்டதும் மாமாவின் முகம் வாடியது. 2000ஆம் ஆண்டில் டீசல் எஞ்சின்கள் வந்த பிறகு முழு நீள வண்டியை அவைதாம் இழுக்கின்றன. நீராவி எஞ்சினைப் பார்க்க டார்ஜிலிங் வரை பொறுத்திருக்க வேண்டும் என்று சமாதானம் சொன்னேன். எஞ்சின் முன்னால் நிற்பதும் அவருக்குப் பொருந்தவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போவதுதான் அவருடைய உலகத்தின் ஒழுங்கு. “பெட்டி அறுந்துகிட்டா எஞ்சின் தாங்கிப் பிடிக்கணும்ல? இங்கே யார் பிடிப்பா?” என்றார்.

சுக்னா வரை சமவெளிதான். கடல் மட்டத்திலிருந்து 162 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிறு நிலையத்தைத் தாண்டியதும் சால் மரக் காடு இருபுறமும் நெருங்கி வந்தது. அதுவரை சீராக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் உறுமல் கனத்தது. சாலையும் தண்டவாளமும் ஒன்றையொன்று விடாமல் கூடவே ஏறுகின்றன. சில இடங்களில் தண்டவாளம் சாலையின் இடப்புறம் இருக்கும். அடுத்த வளைவில் எந்தக் கதவும் தடுப்பும் இல்லாமல் வலப்புறத்துக்குத் தாவிவிடும். எஞ்சின் ஓட்டுநரின் கை ஊதலை விட்டு அகலவே இல்லை.

ரங்டாங் நிலையத்தைத் தாண்டிச் சற்று நேரத்தில் நாங்கள் காத்திருந்தது வந்தது. வண்டி ஒரு மலைச்சரிவின் முட்டுச்சந்தில் போய் நின்றது. எதிரே புதர் மண்டிய மண்சுவர் மட்டுமே. பாதையோரம் நின்றிருந்த ஊழியர் ஒருவர், வண்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயின்ட்டின் கைப்பிடியை அழுத்தி மாற்றினார். மெல்லிய ‘டக்’ என்ற ஒலி கேட்டது. வண்டி பின்னோக்கி நகரத் தொடங்கியது. வந்த வழியே அல்ல, அதற்கு மேலே கிளைத்துச் செல்லும் இன்னொரு தண்டவாளத்தில், பின்புறமாகவே ஏறிக்கொண்டு. சிறிது தூரம் போய் மறுபடியும் நின்றது. இன்னொரு பாயின்ட் மாறியதும் முன்னோக்கிக் கிளம்பியது. சன்னல் வழியே பார்த்தபோது, இரண்டு நிமிடங்களுக்கு முன் நாங்கள் வந்த தண்டவாளம் காலுக்குக் கீழே கிடந்தது.

இப்படி ஆறு இடங்கள் இருக்கின்றன. இங்குள்ளவர்கள் இவற்றை ரிவர்ஸ் என்றே சொல்கிறார்கள். சாலையில் மாட்டு வண்டி செங்குத்தாகத் திரும்பி ஏறிவிடும். ரயிலால் அப்படித் திரும்ப முடியாது. அத்தகைய இடங்களில் பின்வாங்கித்தான் முன்னேற வேண்டும். பாதை போட்டவர் வழி தெரியாமல் திகைத்து நின்றபோது, “முன்னால் போக முடியாவிட்டால் பின்னால் வாருங்களேன்” என்று அவர் மனைவி சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. கதை மிக அழகாக இருப்பதாலேயே நான் அதை முழுதாக நம்பவில்லை. மாமா நம்பினார். ஷெட்டில் தீராத பல சிக்கல்களுக்கு அத்தை சொன்ன யோசனைதான் தீர்வாக இருந்ததாம்.

ரிவர்ஸ்களுக்கு நடுவே சுழல்கள் வருகின்றன. சுன்பட்டியில் வண்டி ஒரு முழு வட்டம் அடித்துத் தன் பாதைக்கு மேலேயே கடந்து செல்கிறது. தீந்தாரியாவில் வண்டி சற்று நின்றது. 860 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூரில்தான் இந்த ரயில்வேயின் பணிமனை இருக்கிறது. பணிமனையின் தகரக்கூரை தெரிந்ததும் மாமா பாதி உடம்பைச் சன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டார். அதைத் தாண்டி வருவது ‘அகனி பாயின்ட்’ என்ற சுழல். இந்தப் பாதையிலேயே மிகக் குறுகிய வளைவு இங்குதான் உள்ளது. அதன் ஆரம் ஏறக்குறைய 18 மீட்டர். மூன்று பெட்டிகளே கொண்ட எங்கள் வண்டியின் எஞ்சினைக் கடைசிப் பெட்டியிலிருந்து நேர் எதிரே பார்க்க முடிந்தது. சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தில் உரசும் கீச்சொலி பல் கூசச் செய்தது. “இந்த வளைவுல நம்ம எஞ்சின் திரும்பவே திரும்பாது” என்று மாமா தானாகவே ஒப்புக்கொண்டார்.

கடைசி ரிவர்ஸைக் கயாபாரிக்கு அப்பால் கடந்ததும் பாக்லாஜோரா வருகிறது. ‘பைத்தியக்கார அருவி’ என்று பொருள். மழைக்காலத்தில் அது பெயருக்கேற்ப நடந்துகொள்கிறது. 2010 ஜூனில் இங்கே ஏற்பட்ட நிலச்சரிவு சாலையையும் தண்டவாளத்தையும் ஒன்றாக அடித்துச் சென்றது. சமவெளியிலிருந்து டார்ஜிலிங் வரை முழு வண்டி மறுபடி ஓடுவதற்கு 2015 டிசம்பர் வரை ஆயிற்று. சாலையின் முதுகில் ஏறி மலிவாகவும் விரைவாகவும் வந்த பாதைக்கு அந்தச் சாலையின் தலையெழுத்தும் சேர்ந்தே வந்துவிட்டது என்று இதைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றியது. சுரங்கம் தோண்டியிருந்தால் தப்பியிருக்குமா என்று மாமாவிடம் கேட்டேன். கல்லாறு முதல் குன்னூர் வரை ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் பாறை உருண்டு வண்டி நிற்பதை நினைவுபடுத்தி, மலைக்கு எல்லாம் ஒன்றுதான் என்றார்.

கர்சியாங்கில் இறங்கியபோது மாலைக்குரிய குளிர் பிற்பகலிலேயே வந்துவிட்டிருந்தது. உயரம் 1,483 மீட்டர்.

மூன்றாம் நாள் – கர்சியாங்

பதிவு செய்திருந்த விடுதியில் எங்கள் பெயருக்கு வேறொருவரை நேற்றே தங்க வைத்துவிட்டிருந்தார்கள். இரவு எட்டு மணிக்கு ஜமுக்காளமும் இரண்டு ரஜாயும் தந்து சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டிய அறையில் படுக்க வைத்தார்கள். இன்று காலை முறையான அறை கிடைத்தது. சன்னலைத் திறந்தால் மூடுபனியைத் தவிர வேறு எதுவும் இல்லை. நாள் முழுவதும் அப்படியே இருந்தது.

ஆகவே இன்றைய நாளைப் பெரும்பாலும் நிலையத்திலேயே கழித்தோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை, ஏனென்றால் இந்த ரயிலை ஊரோடு சேர்த்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கர்சியாங் நிலையம் பாதையிலிருந்து விலகி ஒரு முட்டில் முடிகிறது. டார்ஜிலிங் போகும் வண்டி நிலையத்திலிருந்து நேராகக் கிளம்ப முடியாது. பின்னோக்கி நகர்ந்து, ஊரின் நெரிசலான சாலைச் சந்திப்புக்குள் தன் கடைசிப் பெட்டியை நுழைத்து, ஜீப்புகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் நிறுத்தி வைத்து, அதற்குப் பிறகே முன்னோக்கித் திரும்ப வேண்டும். போக்குவரத்தை நிறுத்தியதற்காக யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு ஜீப் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு, சன்னலில் சாய்ந்து தேநீர் குடித்து முடித்தார்.

கடைத்தெருவில் தண்டவாளம் கடைகளின் வாசற்படிக்கு ஒரு கை தூரத்தில் ஓடுகிறது. வண்டியின் ஊதல் கேட்டதும் ஒரு காய்கறிக்காரப் பெண் முட்டைகோஸ் கூடையைக் காலால் ஒரு சாண் உள்ளே தள்ளினார். வண்டி போனதும் அதே காலால் அதே இடத்துக்கு இழுத்துக்கொண்டார். வியாபாரத்துக்கு இடையில் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

இந்த ரயில்வேயின் தலைமை அலுவலகம் கர்சியாங்கில் எலிசியா பிளேஸ் என்ற கட்டடத்தில் இருக்கிறது. ஊருக்குச் சற்று மேலே கித்தாபஹாரில் சரத் சந்திர போஸின் வீடு உள்ளது. 1936இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸை ஆங்கில அரசு அந்த வீட்டில்தான் காவலில் வைத்திருந்தது. இப்போது அது அருங்காட்சியகம். மூடுபனியில் அங்கே நடந்து போய்த் திரும்பியதில் மாமாவுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. வேறு எங்கும் போகவில்லை.

நான்காம் நாள் – டார்ஜிலிங்

பிற்பகலில் அதே வண்டியைப் பிடித்தோம். ரிவர்ஸ்கள் எல்லாம் கீழேயே முடிந்துவிட்டதால் மேலே ஏறும் வேலையை வளைவுகளே பார்த்துக்கொள்கின்றன. டங், சோனாடா என்று ஊர்கள் வரிசையாக வந்தன. சோனாடா கடைத்தெருவில் ஒருவர் நடந்தபடியே எங்கள் பெட்டியில் ஏறி, நூறு அடி தள்ளித் தன் வீட்டு வாசலில் இறங்கிக்கொண்டார். 88 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஏழு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் வண்டியில் இது ஒன்றும் சாகசமல்ல.

கூம் நிலையத்தின் உயரம் 2,258 மீட்டர். இந்திய ரயில்வேயிலேயே மிக உயரத்தில் இருக்கும் நிலையம் இது. ஊட்டியின் உயரம் எவ்வளவு என்று மாமா என்னைச் சட்டென்று கேட்டார். நிலையப் பலகையில் 2,203 மீட்டர் என்று எழுதியிருப்பதை முப்பது ஆண்டுகள் பார்த்தவருக்கு அந்த ஐம்பத்தைந்து மீட்டர் தோல்வி பிடிக்கவில்லை. “பல் இல்லாமலே ஏறிட்டானே” என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டார்.

கூமிலிருந்து டார்ஜிலிங்குக்கு இறக்கம். அந்த இறக்கத்தைச் சமாளிக்க 1919இல் அமைத்ததுதான் படாசியா சுழல். மேட்டின் உச்சியில் பூந்தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு வண்டி வட்டமிட்டுத் தன் பாதைக்கு அடியிலேயே நுழைந்து வெளியேறுகிறது. நடுவில், போர்களில் உயிர்நீத்த கூர்க்கா வீரர்களுக்கான நினைவுத் தூண் நிற்கிறது. கஞ்சன்ஜங்கா இங்கிருந்து முழுதாகத் தெரியும் என்பார்கள். எங்களுக்குத் தெரிந்தது சாம்பல் நிறத் திரை. விளக்குகள் எரியத் தொடங்கிய நேரத்தில் டார்ஜிலிங் நிலையத்தில் இறங்கினோம்.

யுனெஸ்கோ 1999இல் இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்தியாவில் ஒரு ரயில் பாதைக்குக் கிடைத்த முதல் அறிவிப்பு அதுவே. 2005இல் நீலகிரியும் 2008இல் கால்கா–சிம்லாவும் அதோடு சேர்ந்தன. நிலையப் பலகையில் இதை வாசித்துக் காட்டியபோது, “ஆறு வருசம் முந்திக்கிட்டான்” என்றார் மாமா. இன்றைக்கு அவர் கணக்கில் இரண்டாவது தோல்வி.

ஐந்தாம் நாள் – நீராவி

டார்ஜிலிங்கிலிருந்து கூம் வரை சென்று திரும்பும் சுற்றுலா வண்டிக்கு நீராவி எஞ்சின் பூட்டுகிறார்கள். இரண்டு மணி நேரப் பயணத்துக்குக் கட்டணம் அதிகம்தான். நான் முணுமுணுத்தேன், மாமா பேசாமல் பணத்தை எடுத்து நீட்டினார்.

நீல நிறத்தில், ஆளுயரத்தைவிடச் சற்றே உயர்ந்து நின்ற அந்த எஞ்சின் ‘பி கிளாஸ்’ வகையைச் சேர்ந்தது. ஷார்ப் ஸ்டூவர்ட் நிறுவனம் 1889இல் வடிவமைத்த இவ்வகையில் மொத்தம் 34 எஞ்சின்கள் செய்யப்பட்டன. பெரும்பாலானவை கிளாஸ்கோவில், மூன்று மட்டும் தீந்தாரியா பணிமனையிலேயே. மாமா எஞ்சினைச் சுற்றி மூன்று முறை நடந்தார். பிறகு, தொழிலாளி தொழிலாளியிடம் பேசும் பாணியில், எனக்கு விளங்கச் சொன்னார். நான்கே சக்கரங்கள், ஒவ்வொன்றின் விட்டமும் 26 அங்குலம். நான்குமே ஓட்டும் சக்கரங்கள். கொதிகலனின் மேல் குதிரைச் சேணம் போலக் கவிழ்த்திருக்கும் தண்ணீர்த் தொட்டி, அதன் பின்னால் நிலக்கரி என எல்லாப் பாரமும் அந்த நான்கு சக்கரங்களின் மீதே இறங்குகிறது. எடையில் ஒரு பங்குகூடச் சும்மா உருளும் சக்கரத்துக்குப் போவதில்லை என்பதால் பிடிப்பு வீணாகாது. முன், பின் அச்சுகள் நெருங்கி இருப்பதால் 18 மீட்டர் வளைவிலும் திரும்பும். குன்னூரின் ‘எக்ஸ் கிளாஸ்’ எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு தண்டவாளச் சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. இதற்கு இரண்டே. “அது யானை, இது மலையாடு” என்று முடித்தார்.

பிடிப்பு என்னதான் இருந்தாலும், மூடுபனியில் நனைந்த தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்கத்தான் செய்யும். அதற்கான பதில் எஞ்சினின் நெற்றியில் உட்கார்ந்திருந்தது. முன்பக்கத் தாங்கியின் மீது இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கமாக, கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தார்கள். ஏற்றம் வந்ததும் அவர்கள் பக்கத்திலிருந்த பெட்டியிலிருந்து மணலை அள்ளி, எஞ்சினுக்கு முன்னால் ஓடும் தண்டவாளத்தின் மீது சிறிது சிறிதாகத் தூவிக்கொண்டே வந்தார்கள். எஞ்சினின் மேலே, நிலக்கரிக் குவியலில் இன்னொருவர் சுத்தியலால் பெரிய கட்டிகளை உடைத்துக் கொடுக்க, ஃபயர்மேன் அவற்றை அடுப்பில் வீசினார். ஓட்டுநரையும் சேர்த்து ஐந்து பேர் உழைத்து, இரண்டு பெட்டிகளை மேலே கொண்டு போகிறார்கள்.

ஒரு வளைவில் சக்கரம் வழுக்கியது. ‘சக்-சக்’ என்று சீராக வந்துகொண்டிருந்த புகைமூச்சு திடீரென்று ‘சகசகசக’வென்று வெறும் சுழற்சியாக மாறியது, வண்டி நின்ற இடத்தில் நின்றது. ஓட்டுநர் நீராவியைக் குறைத்தார். முன்னால் இருந்த இருவரில் இளையவர் குதித்திறங்கி, தண்டவாளத்தின் மேல் ஒரு கைப்பிடி மணலை நீளமாக இழுத்துவிட்டு, ஓடி ஏறிக்கொண்டார். எஞ்சின் ஒருமுறை பெருமூச்சு விட்டு, பிடித்துக்கொண்டு நகர்ந்தது. மாமா என் தோளை அழுத்திய அழுத்தத்தில் அவருடைய பல ஆண்டுக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது தெரிந்தது.

கூமில் வண்டி அரை மணி நேரம் நின்றது. மற்றவர்கள் நிலையத்து அருங்காட்சியகத்துக்கு மேலேறிப் போனார்கள். மாமா மட்டும் எஞ்சின் முன்னால் போய் நின்று, இரண்டு நாளில் கற்றுக்கொண்ட ஒரே நேபாளிச் சொல்லால் “தாஜு” என்று அந்த இளைஞனை அழைத்தார். அண்ணன் என்று பொருள். எழுபது வயதுக்காரர் தன்னை அண்ணன் என்று அழைத்ததில் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மணல் பெட்டியைத் திறந்து காட்டினான். மாமா ஒரு சிட்டிகை எடுத்து இரு விரல்களுக்கு நடுவே தேய்த்து, காதருகே கொண்டுபோய் அதன் நறநறப்பைக் கேட்டார், பிறகு என்னிடம் திரும்பி, “சலிச்சு, நல்லாக் காய வச்சிருக்கான் மாப்ளே. கொஞ்சம் ஈரம் இருந்தாலும் கட்டி தட்டிப்போகும்” என்றார். நான் அதை இந்தியில் அந்த இளைஞனுக்குச் சொன்னேன். காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்போரத்தில் வைத்துக் காயவைப்பது தான்தான் என்று அவன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

நாளை கீழே இறங்கும் வண்டியில் இடம் கிடைக்கவில்லை. ஜீப்பில்தான் போகிறோம். மாமா இப்போதே முன் சீட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டார். தண்டவாளம் சாலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று இறங்கும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வர வேண்டுமாம்.